அத்தைக்கு என்ன நோய் என்று கேளுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்கூட்டம் முடிந்ததும் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் உயிர்வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் சி பிளாக்கில் வசிப்பவர்.)

பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ஒப்பந்தம், பார்க்கிங் என்று ஒன்றரை மணி நேரம் பேசிய களைப்பில் இருக்கிறீர்கள். "போண்டாவும் டீயும் வருவதற்குள் முடித்துவிடுங்கள் டீச்சர்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவள். ஆகவே யாருக்கும் மருந்து சொல்லப் போவதில்லை. ஒரு புரதத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அது சரியாக இருக்கும்வரை அதன் பெயரே நமக்குத் தெரியாது. ஒரு குடும்பத்தில் அது பழுதாகிவிட்டால், பாட்டி, அத்தை, மகள் என்று தலைமுறைக்கு ஒருவரையாவது மார்பகப் புற்றுநோய் தேடி வருகிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. மார்பகப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் அது பரம்பரையாக வந்தது. மற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டில் முன்னால் யாருக்கும் இருந்திருக்காது. ஆகவே "எங்கள் வம்சத்தில் கிடையாது, எனக்கு வராது" என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. அதில் ஐந்து விழுக்காடு என்றாலே ஒன்பதாயிரத்துக்கு மேல். அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. நோய் வருவதற்கு முன்னாலேயே யாருக்கு ஆபத்து அதிகம் என்று அவர்களால் தெரிந்துகொள்ள முடியும். நான் இங்கே நிற்பது அதைச் சொல்லத்தான்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீளமான இழை இருக்கிறது. அது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சேதங்களுக்கு ஆளாகிறது. வெயில், புகை, ஏன், செல் மூச்சுவிடுவதே போதும். பெரும்பாலானவை உடனே சரியாகிவிடும். இழையின் இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்துபோவதுதான் மோசமான சேதம். அப்போது செல்லுக்கு இரண்டு வழி. ஒன்று, அறுந்த முனைகளை அப்படியே ஒட்டிவிடுவது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் போய்விடும். சமயத்தில் வேறு இழையின் முனையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வழி, பக்கத்தில் இருக்கிற நல்ல நகலைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து திருப்பி எழுதுவது.

நீங்கள் எல்லோரும் இந்த வீடுகளுக்குப் பத்திரப்பதிவு செய்தவர்கள். கிரயப் பத்திரத்தில் ஒரு பக்கம் நடுவில் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலோ டேப் போட்டு ஒட்டலாம். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் போய்விட்டால் போனதுதான். அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, அதைப் பார்த்துச் சரிசெய்யலாம். பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்ற இரண்டு புரதங்களும் இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறவை.

பி.ஆர்.சி.ஏ.-2 மிகப் பெரிய புரதம். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், இதில் 3,418. இவ்வளவு பெரிய உருவத்தின் முக்கியமான வேலை, ராட்51 என்ற சின்னப் புரதத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது. நல்ல நகலைத் தேடிப் போய் ஒப்பிட்டுப் பார்க்கிறது ராட்51தான். ஆனால் அதற்குத் தானாக எங்கே போவது, எப்போது தொடங்குவது என்று தெரியாது. பி.ஆர்.சி.ஏ.-2 தன் உடம்பில் இருக்கிற எட்டுப் பிடிகளால் அதைப் பிடித்து, அறுந்த இடத்துக்குக் கொண்டுபோய், வரிசையாக உட்கார வைக்கிறது. பி.ஆர்.சி.ஏ.-1 அதற்கு முன்னாலேயே அங்கே போய், முனைகளைச் சீவித் தயார்செய்து, மற்றவர்களை வரவழைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பால்பி-2 என்று ஒரு தரகர் புரதம் உண்டு. அதுவும் பழுதாகலாம், அதனாலும் பரம்பரை மார்பகப் புற்றுநோய் வரலாம்.

இந்தக் கதையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நமக்கு அவ்வளவு தூரத்து ஆள் இல்லை. அசோக் வெங்கிட்டராமன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். பிறகு லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, கேம்பிரிட்ஜில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். பி.ஆர்.சி.ஏ.-2 இல்லாத செல்களில் குரோமோசோம்கள் தாமாகவே உடைந்து தாறுமாறாகக் கிடப்பதை 1998-இல் அவருடைய குழு காட்டியது. அந்தப் புரதம் ராட்51-ஐ எப்படிப் பிடித்திருக்கிறது என்ற முப்பரிமாணப் படத்தை 2002-இல் வெளியிட்டதிலும் அவர் பங்கு உண்டு. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். நம் பிள்ளைகளில் யாராவது நீட் எழுதப் படித்துக்கொண்டிருந்தால் இதையும் காதில் போட்டு வையுங்கள். மருத்துவம் படித்தவர் எல்லோரும் கிளினிக்தான் வைக்க வேண்டும் என்பதில்லை.

இப்படிப்பட்ட புரதங்களுக்குக் கட்டியடக்கும் புரதங்கள் என்று பெயர். கட்டி வந்தபிறகு ஓடிவந்து அடக்குவதாக நினைக்காதீர்கள். சேதத்தைச் சேரவிடாமல் வைத்திருப்பதால், கட்டி உருவாகவே வாய்ப்புக் கிடைப்பதில்லை.

சரி, பழுதான மரபணுவோடு பிறந்தவர்களுக்குப் பிறந்த அன்றே ஏன் நோய் வருவதில்லை? இதற்கு நம் மொட்டைமாடித் தொட்டியைத்தான் உதாரணம் சொல்வேன். தண்ணீர் ஏற்ற ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு மோட்டார் வைத்திருக்கிறோம். ஒன்று ஓடாவிட்டாலும் மற்றது ஓடும்; குழாயில் தண்ணீர் வரும்; யாருக்கும் தெரியாது. மரபணுவும் அப்படித்தான், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் நன்றாக ஓடுகின்றன. ஒரு செல்லில் இரண்டும் கெட்டுப்போக வேண்டுமானால் தனித்தனியாக இரண்டு விபத்து நடக்க வேண்டும். பரம்பரைப் பிறழ்வோடு பிறந்தவருக்கோ உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரு மோட்டார் முதல் நாளிலிருந்தே ஓடவில்லை. மார்பகத்தில் இருக்கிற கோடிக்கணக்கான செல்களில் ஏதாவது ஒன்றில், முப்பது வயதிலோ நாற்பதிலோ, மீதி இருக்கிற ஒன்றும் நின்றுபோனால் போதும். இந்த இரண்டு அடிக் கணக்கை 1971-இல் ஆல்ஃபிரட் நட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளின் கண்ணில் வருகிற ஒரு புற்றுநோயை வைத்துச் சொன்னார். பரம்பரை நோய் ஏன் இளவயதில் வருகிறது, ஏன் இரண்டு பக்கமும் வருகிறது என்பதற்கு அதுவே விளக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு இப்படி ஒரு மரபணு இருக்கும் என்று யாரும் எளிதில் நம்பவில்லை. மேரி-கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி 1970-களின் நடுவிலிருந்து குடும்பங்களின் கதையைச் சேகரித்தார். 23 குடும்பங்களில் 146 நோயாளிகளை வைத்து, 17-ஆம் குரோமோசோமில் அது இருக்கிற இடத்தை 1990-இல் காட்டினார். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.-1 மரபணு கையில் கிடைத்தது. அடுத்த ஆண்டு 13-ஆம் குரோமோசோமில் பி.ஆர்.சி.ஏ.-2. பிறகு ஒரு கம்பெனி அதற்குக் காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டதும், இயற்கையில் இருக்கும் மரபணுவுக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது என்று 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் தனிக் கதை.

நமக்கு வேண்டியது சென்னைக் கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரைக்கும் அவரைக் கொண்டுபோனது. 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்த அதே ஆண்டு. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தென்னிந்தியாவைச் சேர்ந்த 61 நோயாளிகள். எல்லோருக்கும் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தது. அவர்களில் 17 பேருக்குப் பிறழ்வு கிடைத்தது. 15 பேருக்கு முதல் மரபணுவில், 2 பேருக்கு இரண்டாவதில். ஆச்சரியம் இனிமேல்தான். 61 பேரில் 10 பேரிடம் ஒரே ஒரு பிறழ்வு: 185 டெல் ஏ.ஜி. இது கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதால் உலகப் புகழ் பெற்றது.

அது என்ன பிறழ்வு? மரபணுவின் தொடக்கத்தில் இரண்டே இரண்டு எழுத்து விடுபட்டுப் போயிருக்கிறது. ஆயிரக்கணக்கான எழுத்தில் இரண்டு போனால் என்ன என்று கேட்கலாம். செல் இந்த எழுத்துகளை மும்மூன்றாகத்தான் வாசிக்கும். "கடல் மணல் படகு நகர" என்று எழுதுங்கள். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். முதல் சொல்லில் கடைசி இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு, மறுபடி மும்மூன்றாகப் பிரியுங்கள்: "கமண ல்பட குநக ர". அவ்வளவுதான், அதற்கப்புறம் முழுவதும் உளறல். செல்லும் கொஞ்ச தூரம் உளறிவிட்டு நிறுத்திவிடும். 1,863 அமினோ அமிலம் இருக்க வேண்டிய புரதம் முளையிலேயே நின்றுவிடுகிறது.

யூதர்களிடம் இருப்பது நம்மிடம் எப்படி என்றவுடன் கப்பல், மிளகு வணிகம், பழைய துறைமுகம் என்று நம் கற்பனை கிளம்பிவிடும். எனக்கும் கிளம்பியது. ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்து 2007-இல் வந்த கட்டுரை வேறு மாதிரி சொல்கிறது. பக்கத்தில் இருக்கிற மரபுக் குறிகள் யூதர்களுடையவற்றோடு ஒத்துப்போகவில்லை. இது இங்கே தனியாகவே தோன்றியது. அதாவது இது நம் வீட்டுப் பிறழ்வு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மரபணு அம்மா வழியாகத்தான் வரும் என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். பெண்களுக்கு வருகிற நோய், ஆகவே பெண் வழி. டாக்டர் கேட்டால்கூட அம்மாவைச் சொல்வோம், பாட்டியைச் சொல்வோம், சித்தியைச் சொல்வோம். பி.ஆர்.சி.ஏ.-1 இருப்பது 17-ஆம் குரோமோசோமில், பி.ஆர்.சி.ஏ.-2 இருப்பது 13-இல். இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. அப்பாவிடம் இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் அவர் மகளுக்கும் வரும், மகனுக்கும் வரும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமலேயே இருக்கலாம். அவருடைய அக்காவுக்கு, ராத்தாவுக்கு, அவருடைய அம்மாவுக்கு வந்திருக்கும். அந்த அத்தையைக் கல்யாணம் செய்துகொடுத்து ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். வேறு ஊர், வேறு குடும்பம். நம் கணக்கில் அவர் விட்டுப்போகிறார்.

இரண்டே ஆண் பிள்ளைகள் உள்ள வீடுகளை நினைத்துப் பாருங்கள். இந்தப் பிறழ்வு அங்கே ஒரு தலைமுறை முழுக்கச் சத்தமே இல்லாமல் நடந்து, பேத்தியிடம் போய்த் தலைகாட்டும். அப்போது எல்லோரும் "எங்கிருந்து வந்தது?" என்பார்கள்.

அடுத்த சிக்கல் நம் பேச்சு. நம் வீடுகளில் யாரும் புற்றுநோயால் சாவதில்லை. "அந்த நோய்" என்போம், "கட்டி" என்போம், "இளைத்துப் போய்ப் படுத்துவிட்டாள்" என்போம். "வயிற்றில் நீர் கோத்து இறந்துபோனார்" என்று ஒரு பெரியம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லா நீர்க்கோவையும் புற்றுநோய் இல்லை. ஈரல் கெட்டாலும் வரும். ஆனால் குடி கிடையாது, மஞ்சள் காமாலை கிடையாது, ஐம்பது வயதுப் பெண்ணுக்குச் சில மாதங்களில் வயிறு பெருத்து உயிர் போனது என்றால், அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கக்கூடும். இந்த மரபணுக்களின் விஷயத்தில் மார்பகமும் சினைப்பையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த 2009 ஆய்வில்கூட, மார்பகப் புற்றுநோய் மட்டும் இருந்த 39 குடும்பங்களில் 9-இல்தான் பிறழ்வு கிடைத்தது. சினைப்பைப் புற்றுநோய் மட்டும் இருந்த 10 குடும்பங்களில் 4-இல் கிடைத்தது.

ஆகவே பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில். வயது மிக முக்கியம். எழுபத்தைந்து வயதில் ஒரு பாட்டிக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததும், முப்பத்தெட்டு வயதில் ஓர் அத்தைக்கு வந்ததும் ஒன்று இல்லை. ஐம்பதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், இரண்டு மார்பகத்திலும் வந்தது, ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேர் — இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்கவே கூடாது, அது பி.ஆர்.சி.ஏ.-2 விடுகிற வலுவான துப்பு. மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள், ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று. அது பி.ஆர்.சி.ஏ.-1 பிறழ்வு உள்ளவர்களிடம் அதிகம். பழைய ரிப்போர்ட்களைக் கிழித்துப் போடாதீர்கள்.

பரிசோதனை என்பது கொஞ்சம் ரத்தம், அல்லது எச்சில். ஆனால் யாருக்கு முதலில் செய்வது என்பதில்தான் பணமும் மனநிம்மதியும் இருக்கிறது. நோய் வந்தவருக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். அவரிடம் பிறழ்வு கிடைத்தால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, பதிலும் தெளிவு. அது இல்லாத மகள், மற்ற பெண்களுக்கு இருக்கிற சாதாரண ஆபத்தோடு வீட்டுக்குப் போகலாம். நோய் வந்தவரை விட்டுவிட்டு, நன்றாக இருக்கிற மகளுக்கு மட்டும் செய்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால், அந்தப் பதிலுக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. குடும்பத்தின் பிறழ்வு அந்தச் சோதனை பார்க்காத மரபணுவில் இருந்தாலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் வரும்.

மூன்றாவதாக ஒரு பதில் உண்டு, அதுதான் அதிகம் குழப்புவது. "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வரும். எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அது கெடுதலா, வெறும் எழுத்து வேறுபாடா என்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். உலகத்தில் திரட்டிய மரபணுத் தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பியருடையது. அதனால் நம்மவர்களுக்கு இந்தப் பதில் வருவது அதிகம். இதை வைத்துக்கொண்டு யாரும் அறுவை சிகிச்சைக்கு ஓடக் கூடாது. இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை பின்னால் தீங்கற்றவை என்றே வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இணையத்தில் ஆர்டர் செய்து, கூரியரில் எச்சில் அனுப்பி, இமெயிலில் முடிவு வாங்கிக்கொள்கிற வேலை இதற்கு ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். முன்னாலும் பின்னாலும் மரபியல் ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அடையாறில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே கிளினிக் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது; முதல் ஆலோசனைக்கு அங்கே போகலாம்.

பிறழ்வு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால்? பல நாட்டுக் குடும்பங்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2017-இல் வந்த பெரிய ஆய்வின்படி, எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ.-1-க்கு 72 விழுக்காடு, பி.ஆர்.சி.ஏ.-2-க்கு 69. சினைப்பைப் புற்றுநோய்க்கு 44, 17. பயமுறுத்தும் எண்கள்தான். ஆனாலும் நூற்றுக்கு நூறு இல்லை என்பதைப் பாருங்கள்.

ஏஞ்சலினா ஜோலி 2013 மே மாதம் இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிட்டதாக எழுதியபோது உலகமே பேசியது. அவருடைய அம்மா 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர். அந்த அறுவை சிகிச்சை ஆபத்தைத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைத்துப் பல பெண்கள் சோதனைக்கே போகாமல் இருக்கிறார்கள். அப்படி இல்லை. 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் சேர்த்து என்று உன்னிப்பாகக் கண்காணிக்கிற வழி இருக்கிறது. வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். சினைப்பைக்கு மட்டும் அப்படி நம்பகமான கண்காணிப்பு கிடையாது. அதனால்தான் பிள்ளை பெற்று முடித்தபின், பி.ஆர்.சி.ஏ.-1 என்றால் 35–40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ.-2 என்றால் 40–45-க்குள், சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

நோய் வந்துவிட்டவருக்கும் இந்தச் சோதனையால் பயன் உண்டு. பி.ஆர்.சி.ஏ. இல்லாத புற்றுநோய்ச் செல், சேதத்தைச் சமாளிக்க மற்றொரு பழுதுபார்க்கும் புரதத்தை நம்பி வாழ்கிறது. பார்ப் என்று அதற்குப் பெயர். அதையும் அடைத்துவிட்டால் புற்றுநோய்ச் செல் சாகும். நல்ல செல்லில் ஒரு மோட்டாராவது ஓடிக்கொண்டிருப்பதால் அது பிழைக்கும். 2005-இல் இரண்டு பிரிட்டிஷ் குழுக்கள் இதைக் காட்டின. 2014-இல் ஒலாபரிப் என்ற மாத்திரை வந்தது. நோயின் பலவீனமே மருந்தாகிவிட்டது. முப்பது வருஷம் பாடம் நடத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

கல்யாணப் பேச்சு வராமல் இந்த விஷயம் முடியாது. "பெண்ணுக்குச் சோதனை செய்து இருக்கிறது என்று தெரிந்தால் வரன் வருமா?" என்று அம்மாக்கள் கேட்பது எனக்குத் தெரியும். பையனுக்கும் இதே பிறழ்வு இதே அளவு வாய்ப்பில் இருக்கும், ஆனால் பையனைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதைச் சொல்லிவைக்கிறேன். பதினெட்டு வயதுக்கு முன்னால் யாருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். அதற்குப் பிறகு அது அந்தப் பெண்ணின் முடிவு. அவளுக்குத் தெரியாமல் ரத்தம் எடுக்கக் கூடாது, அவளைக் கேட்காமல் முடிவை வெளியே சொல்லவும் கூடாது. ஆனால் மாமா மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுகிற வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ.-2 பிறழ்வு கணவன், மனைவி இருவரிடமும் இருந்து குழந்தைக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டால், அது ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய்; பிறந்த சில ஆண்டுகளிலேயே எலும்பு மஜ்ஜையும் ரத்தமும் பாதிக்கும். குடும்பத்தில் பிறழ்வு தெரிந்திருந்தால், சொந்தத்தில் முடிச்சுப் போடுமுன் ஒரு முறை மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

இன்னொன்று நம் ஊருக்கு மட்டும் சொல்ல வேண்டியது. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பாதி உறவு பாரிஸ் பக்கம் இருக்கிறது. பிரான்சில் 2011-இலிருந்து ஒரு சட்டம் உண்டு. ஒருவருக்கு இப்படிப்பட்ட கடுமையான மரபணுப் பிறழ்வு கண்டறியப்பட்டால், தடுப்போ சிகிச்சையோ இருக்கிற பட்சத்தில், ஆபத்தில் இருக்கக்கூடிய உறவினர்களுக்கு அவர் தெரிவித்தாக வேண்டும். நேரில் சொல்ல விருப்பம் இல்லையென்றால் மருத்துவரே எழுதுவார். அந்தக் கடிதத்தில் யாருக்கு நோய் என்ற பெயர் இருக்காது, என்ன நோய் என்றும் இருக்காது. "உங்களுக்குத் தேவைப்படக்கூடிய ஒரு மரபியல் தகவல் இருக்கிறது, ஆலோசனைக்குச் செல்லுங்கள்" என்கிற அளவில்தான் இருக்கும். அப்படி ஒரு பிரெஞ்சுக் கடிதம் வந்தால், மோசடி என்றோ விளம்பரம் என்றோ குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் நம் வளாகத்திலேயே இருக்கிறார்கள்; படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சித்தப்பா மகளிடம் போனில் நேராகக் கேட்டால் இன்னும் நல்லது. அங்கே ஏற்கெனவே கண்டுபிடித்த பிறழ்வின் பெயர் எழுதிய ஒரு காகிதம் கையில் இருந்தால், இங்கே சோதனை பாதி முடிந்த மாதிரி.

காப்பீடு பற்றி டி பிளாக் சார் முன்னாலேயே சீட்டு அனுப்பிக் கேட்டிருந்தார். மரபணுக் கோளாறு என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவக் காப்பீட்டில் ஒருவரை ஒதுக்குவது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. மரபணுக் கோளாறைக் காட்டிக் கோரிக்கைகளை நிராகரிக்க வேண்டாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டு நிறுவனங்களுக்கு எழுதியது. ஆனாலும் பாலிசி வாங்கும்போது விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். பின்னால் வருகிற தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

டீ வந்துவிட்டது, தெரிகிறது. கடைசியாக ஒன்று. வாசலில் காவலர் மேசையில் ஒரு கட்டுத் தாள் வைத்திருக்கிறேன். மூன்று தலைமுறைக்கு வட்டமும் சதுரமும் போட்ட வெற்றுப் படம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு கோடு: என்ன நோய், எந்த வயதில். அப்பா பக்கம் இடதுபுறம், அம்மா பக்கம் வலதுபுறம். இரண்டுக்கும் ஒரே அளவு இடம் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம், உறவுமுறை போதும். நிரப்பிய தாளைச் சங்கத்திடமும் தர வேண்டாம், என்னிடமும் காட்ட வேண்டாம். பத்திரம் வைக்கிற பீரோவில் வைத்துவிட்டு, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எடுத்துப் போங்கள். தாள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், இன்னும் ஐம்பது நகல் எடுத்து வைக்கிறேன்.